ஆறு மணிக் காலடி

ராசா,

கடிதம் என்றால் எல்லோரும் "இங்கு அனைவரும் நலம்" என்றுதான் தொடங்குவார்கள். நான் அப்படித் தொடங்கினால் நீ மேற்கொண்டு ஒரு வரி படிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மறுபடியும் பூண்டிக்கு வந்து நிற்பாய். அதனால் இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன். என் வலது கணுக்காலில் மாவுக்கட்டு அப்படியே இருக்கிறது. வியாழக்கிழமை பிரிக்கிறார்கள். உள்ளே அரிக்கிறது. குச்சி விட்டுச் சொறியக் கூடாது என்று டாக்டர் சொன்னார், நான் சொறிகிறேன். உன் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எதனால் என்று உனக்கே தெரியும். செவலைப் பசு மட்டும் நலம்.

நேற்று விடிகாலை பஸ்ஸுக்கு நீ கிளம்பும்போது வாசல் படலைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "நீங்க ரெண்டு பேரும் செத்தாக்கூட எனக்கு உண்மையச் சொல்ல மாட்டீங்க. உங்களை நம்பி நான் அந்தமான் வேலைக்குப் போகல. வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சனிக்கிழமை எழுதிக் குடுத்துர்றேன்" என்று. அதற்குப் பிறகு போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், யாரும் எதையும் சொல்லி முடிக்க மாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் வந்து சேராது என்பதால் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவார். ஓரத்தில் அவர் கட்டைவிரல் விழுந்தால் பொறுத்துக்கொள். நான் எழுத எழுத அவரும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். "என்னைப் பத்தி ரொம்ப எழுதாத" என்கிறார். எழுதப் போகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியை நீ ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். பூமி அசைவதைக் கேட்கிற கருவி என்றாய். ஊரில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். தங்கம் தேடுகிறான் என்றார் ஒருவர். காட்டெருமையைக் கணக்கெடுக்கிறான், சீக்கிரம் நம் நிலத்தை எல்லாம் காட்டிலாகா எடுத்துக்கொள்ளும் என்றார் இன்னொருவர். உன் அப்பா மட்டும்தான் நேராகக் கேட்டார்: "ஏலே, பூகம்பம் வர்றது அந்தமான்ல. பெட்டிய இங்க எதுக்கு வைக்கிற?" நீ சொன்னாய், "இங்க பாறை கெட்டிப்பா. ரயில் கெடையாது, பெரிய ரோடு கெடையாது. கடலுக்கு அடியில எங்க அசைஞ்சாலும் இங்க சுத்தமாக் கேக்கும்." சமையலறைக்குப் பின்னால், தொழுவத்துக்குப் போகிற பாதையை ஒட்டி, பாறை தட்டும் வரை நாலடிக் குழி வெட்ட வேண்டும் என்றாய். வெட்டியது யார்? "டாக்டர் பட்டம் வாங்குனவன் கரையில நின்னு அளவு சொல்றான், எட்டாங்கிளாஸ் படிச்சவன் உள்ள நின்னு வெட்டுறேன்" என்று அவர் மண்வெட்டியோடு புலம்பியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உன் வேலையே குழி வெட்டுவதுதான் என்று நாங்கள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். நிலம் பிளந்து நழுவிய இடத்தில் குறுக்கே குழி வெட்டி, மண் அடுக்குகள் எத்தனை முறை முறிந்து கீழிறங்கியிருக்கின்றன என்று எண்ணுவாயாம். அதன் பிறகு உனக்குப் பெண் கொடுக்க ஒரு குடும்பம் விசாரித்து வந்தபோது, "பையன் என்ன சோலி பாக்குறாப்ல?" என்று கேட்டதற்கு, "குழி வெட்டுறான்" என்று உன் அப்பா பெருமையாகச் சொன்னார். காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். இப்போது சொல்லிவிட்டேன்.

அன்று மதியம் நீ அடுப்படியில் வந்து நின்றுகொண்டு எனக்கும் பாடம் எடுத்தாய். கல்லில் தோசை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "இதாம்மா, இதேதான்!" என்று கத்தினாய். கடலின் தரை நிலத்துக்கு அடியில் மெதுவாகச் சொருகிக்கொண்டே போகிறதாம், தோசைக்கு அடியில் நான் கரண்டியைச் சொருகுவது போல. சொருகுகிற இடத்தில் சில பக்கம் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டினாலும் தள்ளுவது நிற்காது. மேலே இருக்கிற நிலம் சுருங்கி, வளைந்து, தாங்கிக்கொண்டே இருந்து, ஒரு நாள் பட்டென்று விட்டுவிடும். அப்போது சில கரை மேலே எழும்பும், சில கரை தண்ணீருக்குள் இறங்கும், கடல் எழுந்து ஊருக்குள் வரும். நீ சொல்லி முடிப்பதற்குள் தோசை கருகிவிட்டது. கருகிய தோசையை நீயே தின்றாய். அப்போது நீ சொன்ன ஒன்றுதான் எனக்கு மறக்கவில்லை. "அடிக்கடி சின்னதா அசையிற எடத்தப் பத்தி எனக்குப் பெரிய கவலை இல்லம்மா. பல வருசமா ஒரு சத்தமும் இல்லாம இறுகிக் கெடக்கே, அந்த எடந்தான் பயம்."

பெட்டி வந்த ஒரு மாதத்தில் நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அம்மா, நீ தெனமும் சரியா ஆறு மணிக்குத் தொழுவத்துக்குப் போற. நாப்பத்தோரு எட்டு வைக்கிற. போறப்ப வெரசாப் போற, வர்றப்ப பால் செம்போட மெதுவா வர்ற. எல்லாம் இங்க கோடு கோடா வருது." எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கடலின் அடித்தரையைக் கேட்க வைத்த பெட்டி என் காலையும் கேட்கிறதே என்று அடுத்த நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பால் கறக்கப் போனேன். ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் நீ இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் செய்வாய். அதற்குப் பிறகு வாரம் ஒன்று என்று ஆனது, பிறகு அதுவும் குறைந்தது. ஏன்டா என்று கேட்டால், "அதான் காலையில நடந்தியே, நல்லாத்தான இருக்க, பாத்தேன்" என்றாய். என் குரலுக்குப் பதில் என் செருப்புச் சத்தம் போதும் என்று ஆகிவிட்டது உனக்கு. எனக்கு அது வலித்தது. சொல்லவில்லை. இந்த வீட்டில் வலிப்பதை யார் சொன்னார்கள்?

இனி விழுந்த கதை. ஓடையில் கேரட் கழுவிக்கொண்டிருந்தேன். பாசி பிடித்த கல். அவ்வளவுதான், இதில் எழுத ஒன்றும் இல்லை. முருகேசன் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கொடைக்கானலுக்கு ஓட்டினான். கட்டுப் போட்டு நாலு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அந்த வாரம்தான் அந்தமான் வேலைக்கு உனக்கு நேர்முகத் தேர்வு. ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே நானும் அப்பாவும் முடிவு செய்துவிட்டோம், தேர்வு முடிகிற வரை உனக்குத் தெரியக் கூடாது என்று. தேர்வு முடிந்தது, நீ தேர்வாகிவிட்டாய் என்று செய்தி வந்தது. சரி, பெட்டி படுக்கை கட்டட்டும், பிறகு சொல்லலாம் என்றார் அப்பா. விமானம் ஏறட்டும், அங்கே போய் இறங்கட்டும் என்றேன் நான். இப்படியே விட்டிருந்தால் உனக்குப் பேரன் பிறந்த பிறகுதான் சொல்லியிருப்போம்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்திய பிறகுதான் பெட்டி நினைவுக்கு வந்தது. "என்னங்க, நாளைக்கு ஆறு மணிக்கு நான் நடக்கலைன்னா அவனுக்குத் தெரிஞ்சுபோயிரும்" என்றேன். உன் அப்பா, "நான் நடக்கேன்" என்றார். ஆறு மணிக்கு மனிதர் முக்குக் கடையில் டீ குடிக்கிறவர். அதை விட்டுக்கொடுத்தது எனக்காகச் செய்த தியாகம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலில் என் செருப்பைப் போட்டுப் பார்த்தார், குதிகால் பாதி வெளியே நின்றது. நான் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். "இவ்வளவு அகலமா வைக்காதீங்க, நான் என்ன வரப்பா தாண்டுறேன்? சின்னச் சின்னதா வைங்க. போறப்ப வெரசாப் போங்க." அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒய்யாரமாக, நான் வாழ்நாளில் நடக்காத ஒரு நடை நடந்தார். "முப்பது வருசமா நீ இப்படித்தான் நடக்க" என்றார். கட்டு இருந்ததால் எழுந்து போய் அடிக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குக் கால் வலி கூடியதுதான் மிச்சம்.

அவர் நடை என் நடை ஆகுமா? என்னைவிட முப்பது கிலோ கூட. மழை நாளில் பெட்டிக் குழியின் மூடி மேலே நின்று பீடி பற்ற வைத்தார். செவலை அவர் கையில் பால் கொடுக்க மறுத்து உதைத்ததில், செம்போடு குழிக்குப் பக்கத்திலேயே விழுந்தார். எனக்கு நல்ல தெம்பு இருக்கிறது என்று நீ நினைக்க வேண்டுமாம், சில நாள் ஆறு தடவை போய் ஆறு தடவை வந்தார். நீ முதல் இரண்டு வாரம் தேர்வும் அதன் முடிவுமாக இருந்த மும்முரத்தில் கோடு வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டாய். மூன்றாம் வாரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். நாற்பத்தோரு எட்டு இருபத்தேழு ஆகியிருக்கிறது. வீட்டைச் சுற்றி ஏதோ காட்டெருமை உலாத்துகிறது என்று உன் கூட வேலை பார்க்கிறவர் சொன்னாராம். அதை நான் அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அந்த போன். "அம்மா, எங்க இருக்க?" என்றாய். "தொழுவத்துலதான்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன்" என்றேன், கட்டிலில் படுத்துக்கொண்டு. "சரி. பெட்டி பக்கத்துல வந்து ஒரு தடவை குதி." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குடா?" "பெட்டி வேலை செய்யுதான்னு பாக்கணும். குதி." நான் போனைப் பொத்திக்கொண்டு கையைக் காட்டினேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஒரு குதி குதித்தார். ராசா, பரணில் புகை மூட்டிக் கட்டித் தொங்கவிட்டிருந்த மலைப்பூண்டுக் கொத்து ஒன்று என் மேல் வந்து விழுந்தது. உனக்குக் கோடு வந்து சேர அரை நிமிஷம் ஆகும் போல. பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அது அப்பா." அடுத்து நீ கேட்டதுதான் என்னை உடைத்துவிட்டது. "டாமிக்கு நடந்த மாதிரி உனக்கு ஏதாவது நடந்துருச்சாம்மா?" உன்னோடு பேசிக்கொண்டிருக்கிற என்னிடமே கேட்கிறாய், நீ இருக்கிறாயா என்று. மறுநாளே பஸ் ஏறி வந்து என் மாவுக்கட்டைக் கண்ணால் பார்த்தாய்.

நம் நாய் டாமியைப் பற்றி இத்தனை வருடம் நாம் மூன்று பேரும் பேசியதில்லை. நீ கொடைக்கானல் ஹாஸ்டலில் பன்னிரண்டாவது படித்தபோது அதைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. உனக்குப் பரீட்சை. முடிந்ததும் சொல்லலாம் என்றோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ ஹாஸ்டல் போனிலிருந்து கூப்பிட்டு, "டாமியக் குடு" என்பாய். உன் அப்பா வாங்கிக் குரைத்தார். மூன்று வாரம் குரைத்தார். மூன்றாவது வாரம் மேட்டுத் தோட்டத்து நாய் பதில் குரைக்கிற அளவுக்கு நன்றாகவே குரைத்தார். நாங்கள் போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். பரீட்சை முடிந்து நீ பஸ்ஸிலிருந்து இறங்கியபோது உன் கையில் பிஸ்கட் பாக்கெட். இறங்கின இடத்திலிருந்தே சீட்டியடித்தாய். அப்பா முட்டைக்கோசுக்கு மருந்தடிக்கப் போகிறேன் என்று நழுவிவிட்டார். நான்தான் சொன்னேன். நீ அழவில்லை. தொழுவத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிஸ்கட்டாகப் பசுவுக்குக் கொடுத்தாய். எல்லாம் தீர்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "அப்ப குரைச்சது யாரு?" நான் பால் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு நாங்கள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். உன் நல்லதுக்குத்தானே செய்தோம் என்று இருந்துவிட்டோம். அன்றிலிருந்து "நல்லா இருக்கோம்" என்று நாங்கள் சொல்வதை நீ ஒரு நாளும் நம்பவில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. நீ அந்தப் பெட்டியை எங்கள் கொல்லையில் வைத்தது பாறை கெட்டி என்பதற்காக மட்டும் இருக்காது. தப்பு எங்களுடையது, ராசா. இப்போது எழுத்தில் கேட்கிறேன், மன்னித்துவிடு. அப்பாவும் தலையை ஆட்டுகிறார். படத்தில் அது தெரியாது, அதனால் எழுதிவிட்டேன்.

ஆனால் இதற்காக நீ அந்தமான் போகாமல் இருப்பது சரியில்லை. போன வருடம் அங்கிருந்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாயே, அதை நான் மறக்கவில்லை. கடற்கரை ஓரத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர், நம் தமிழ்ப் பெண்தான், உன்னிடம் கேட்டிருக்கிறார்: "நிலம் ஆடுச்சுன்னா, தண்ணி வர்றதுக்குள்ள பிள்ளைங்களை மேட்டுக்கு ஏத்த எங்களுக்கு எத்தனை நிமிசம் இருக்கு சார்?" நீ தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். சதுப்பில் சேற்றைத் துளைத்து, பழைய அலைகள் கொண்டுவந்து போட்ட மணலைப் பார்த்தால்தான், அந்தப் பிளவு எந்த இடத்தில் எவ்வளவு நழுவும் என்று பார்த்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும் என்றாய். அன்று இரவு நீ சாப்பிடவில்லை. என் கணுக்கால் எப்படியும் கூடிவிடும். அந்த டீச்சருக்குப் பதில் சொல்ல அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவுக்கு வயல் உண்டு, எனக்கு மாடு உண்டு, உனக்கு அந்தக் கேள்வி இருக்கிறது. போய் உன் சோலியைப் பார்.

இன்னொன்று. நீயும் ஒன்றும் ஒழுங்கில்லை. "தண்ணி முட்டளவுதாம்மா, குளம் மாதிரி இருக்கும்" என்று அந்தச் சதுப்பைப் பற்றி எனக்குச் சொன்னாய். போன தீபாவளிக்கு உன்னோடு வந்த உன் கூட்டாளி, இரண்டாவது அதிரசம் தின்னும்போது, முதலை உங்கள் படகுக்குப் பக்கத்தில் வந்த கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லிவிட்டான். நீ மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்ததையும் பார்த்தேன். எங்கள் பிள்ளைதான் நீ, சந்தேகமே இல்லை. என் காலடியைக் காட்ட உனக்கு ஒரு பெட்டி இருக்கிறது. நீ அங்கே நடக்கிறாயா, கிடக்கிறாயா என்று பார்க்க எனக்கு எந்தப் பெட்டியும் இல்லை. போன் ஒன்றுதான் இருக்கிறது. கோட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காதே. கூப்பிட்டுப் பேசு. முதலை வந்தால் முதலை வந்தது என்று சொல்.

நான் சொல்ல வந்தது இதுதான். வியாழக்கிழமை கட்டைப் பிரித்த பிறகு கோல் ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னால், வெள்ளிக்கிழமை வெள்ளனே ஆறு மணிக்கு நான் தொழுவத்துக்கு நடப்பேன். உன் கோட்டில் மும்மூன்றாக விழும், இரண்டு கால், ஒரு கோல். அந்த மூன்றாவது அடி கொஞ்சம் கூர்மையாக இருக்கும், கோலுக்கு அடியில் இரும்புப் பூண் இருக்கிறது. எட்டுகள் நாற்பத்தொன்றுக்கு மேலேயே வரும், பயப்படாதே, மெதுவாகத்தான் வருவேன். இன்னும் இரண்டு வாரம் ஊன்றக் கூடாது என்று அவர் சொன்னாலும் சொல்வார். அப்படியானால் அந்த நேரத்தில் அந்தப் பாதையில் யாரும் நடக்க மாட்டார்கள். அப்பா பால் கறக்க முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். இப்போதே சத்தியம் வாங்கிவிட்டேன். ஆறு மணிக்கு உன் கோட்டில் ஒன்றும் இல்லாமல் இருந்தால், அம்மாவால் இன்று முடியவில்லை என்று அர்த்தம். வேறு ஒன்றும் இல்லை. போன் செய், எவ்வளவு வலிக்கிறது என்று சொல்கிறேன். சொன்ன பிறகும் நீ அந்தமான் போகத்தான் வேண்டும்.

அப்பா கடைசியில் தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறார். எழுதட்டும்.

ஏலே, குரைச்சது நாந்தான்.